சுட்டுவிரல் பதில்கள்

கே: அப்பாவின் .32 பிஸ்டல், 1920-களில் செய்தது. அவர் காலமான பிறகு லைசென்ஸை முறைப்படி என் பெயரில் வாங்கிவிட்டேன். ரேஞ்சில் பத்து மீட்டரில் சுட்டால் குறிக்கு 10 செ.மீ. இடப்பக்கம் போய் விழுகிறது. ஃபோர்சைட்டில் லேசாக அரம் போட்டால் சரியாகுமா?
– உல்லாஸ்நகர், கேம்ப் 4

ப: முதலில் அரத்தை டப்பாவில் போட்டு மூடுங்கள். ஃபோர்சைட்டின் உச்சியைத் தேய்த்தால் குண்டு மேலே ஏறும். பக்கவாட்டில் இம்மியும் நகராது. இப்போது இடப்பக்கம் மட்டும் போகிற குண்டு, அப்புறம் இடப்பக்கமும் போகும், மேலேயும் போகும். தேய்த்த உலோகத்தை எந்தக் கடையிலும் திருப்பித் தரமாட்டார்கள்.

குற்றவாளி யார் என்று முதலில் விசாரிப்போம். ரேஞ்சில் மணல் மூட்டைமேல் கையை ஊன்றி உங்கள் பிஸ்டலால் ஐந்து ரவுண்டு சுடுங்கள். பிறகு ரேஞ்சுக்குச் சொந்தமான பிஸ்டலால் ஐந்து. இரண்டும் இடப்பக்கமே போனால் அப்பாவின் பிஸ்டல் நிரபராதி. வலக்கைக்காரர்கள் விசையை வெடுக்கென்று இழுத்தால் குழல்வாய் இடப்பக்கம் கீழே சாயும். சத்தம் வருவதற்கு முன்பே கை பயந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

கை சுத்தம் என்றால் தோட்டாவை மாற்றிப் பாருங்கள். குறிப்பாக, குண்டு மேலே கீழே அலைகிறதென்றால் சந்தேகம் தோட்டாமேல் விழ வேண்டும். எடை கூடி வேகம் குறைந்த குண்டு குழலுக்குள் சற்று அதிக நேரம் தங்கும். அதற்குள் உதைப்பு குழல்வாயைத் தூக்கிவிடுவதால், அது கிட்டத்துக் குறியில் உயரமாக விழும்.

கையும் தோட்டாவும் தப்பித்தால்தான் சைட். பேக்சைட்டை டவ்டெயில் பள்ளத்தில் செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியிருந்தால் கணக்கு எளிது. குண்டு எந்தப் பக்கம் வரவேண்டுமோ, பேக்சைட்டை அந்தப் பக்கம் தள்ள வேண்டும். நகர்வது ஃபோர்சைட் என்றால் எதிர்ப்பக்கம். எவ்வளவு தள்ளுவது? குறி தவறிய தூரத்தை இரண்டு சைட்டுக்கும் இடையிலுள்ள நீளத்தால் பெருக்கி, இலக்கு இருக்கும் தூரத்தால் வகுக்க வேண்டும். உங்கள் பிஸ்டலில் சைட்டுக்குச் சைட் 15 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், பத்தைப் பதினைந்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க, ஒன்றரை மில்லிமீட்டர். தலைமுடிப் பருமன் நகர்ந்தாலே பத்து மீட்டரில் அரை சென்டிமீட்டர் மாறிவிடும். அதனால் பித்தளைப் பஞ்ச், சின்னச் சுத்தி, பெரிய பொறுமை. நகர்த்துமுன் ஒரு போட்டோ எடுத்துவைத்தால் பழைய இடத்துக்கே கொண்டுவரலாம். வேலையை லைசென்ஸ் உள்ள ஆர்மரர்தான் செய்யவேண்டும். ஏன் என்று கீழே அம்பர்நாத்காரருக்குச் சொல்கிறேன், காதைக் கொடுங்கள்.

பேக்சைட் வெறும் வெட்டாக உடலோடு ஒட்டியிருக்கிறதா? அப்போது துப்பாக்கியைத் தொடவே தொடாதீர்கள். குறிக்கு 10 செ.மீ. வலப்பக்கம் பார்த்துச் சுடுங்கள். நூறு வயசுக்காரரை மாற்றுவதைவிட நாம் அனுசரித்துப் போவது சுலபம்.

கே: ஃபோர்சைட், பேக்சைட், இலக்கின் நடுவிலுள்ள ‘புல்’ மூன்றும் ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரிவதில்லை. பழைய பிஸ்டல் என்பதால் சைட் தேய்ந்திருக்குமோ? எனக்கு வயது 61.
– டோம்பிவிலி

ப: கேள்வியின் கடைசி வரியில் பதில் இருக்கிறது. மூன்று தூரத்தில் இருக்கும் மூன்று பொருளை ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்கிற கண் இருபது வயசுக்காரனுக்கும் கிடையாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், அது ஃபோர்சைட். புல் மங்கலாகத் தெரியட்டும், பாதகமில்லை.

காரணம் உண்டு. இரண்டு சைட்டும் நேராக இருந்து, கை ஆடி மொத்தத் துப்பாக்கியும் பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், குண்டும் ஒரு மில்லிமீட்டர்தான் தள்ளி விழும். ஆனால் ஒரு சைட் மற்றதைவிட ஒரு மில்லிமீட்டர் விலகினால், 15 செ.மீ. இடைவெளியுள்ள பிஸ்டலில் அது பத்து மீட்டரில் 6 செ.மீ.க்கும் மேல். ஆடுவதை மன்னிக்கலாம், கோணுவதை மன்னிக்க முடியாது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் படிக்கிற கண்ணாடி போட்டால் ஃபோர்சைட் மங்கும்; அது கைநீளத்துக்கு அப்பால் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குக் கண்ணாடி போடுகிற மாதிரி, அந்தத் தூரத்தை அளந்து சொல்லிக் கண்ணாடி எழுதி வாங்குங்கள். ஆர்மரரிடம் போக வேண்டிய கேஸில் பாதி கண் டாக்டரிடம் போக வேண்டியது.

கே: ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் வைஸ், அரம், டயல் கேஜ் எல்லாம் இருக்கின்றன. நண்பர்களின் பழைய துப்பாக்கிக்குச் சைட் சரிசெய்து கொடுக்கலாமா? காசு வாங்கப் போவதில்லை.
– அம்பர்நாத்

ப: உங்கள் கை சுத்தத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1959-ம் வருஷ ஆயுதச் சட்டத்துக்கு அது பற்றிக் கவலையும் இல்லை. துப்பாக்கி செய்ய, விற்க, மாற்றியமைக்க, ரிப்பேர் பார்க்க, சோதிக்க, எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் கேட்கிறது அதன் 5-ம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதை மீறினால் குறைந்தபட்சம் 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். சைட்டை நகர்த்துவது ரிப்பேரா இல்லையா என்று நீங்கள் கோர்ட்டில் வாதாடலாம்தான். வாய்தாவுக்கு வாய்தா அம்பர்நாத்திலிருந்து லோக்கல் பிடித்துப் போக இந்த வயசில் உடம்பு ஒத்துழைக்க வேண்டுமே! டயல் கேஜை வைத்துப் பேரனின் சைக்கிள் சக்கரத்தைக் கோட்டம் எடுத்துக் கொடுங்கள். நண்பர்களுக்கு ஃபில்டர் காபி போதும்.

கே: அரதப்பழசான துப்பாக்கிக்கு லைசென்ஸே வேண்டாமாமே?
– செம்பூர்

ப: பாதி உண்மை. அதாவது முழு ஆபத்து. அதே சட்டத்தின் 45-ம் பிரிவு ஒரு விலக்கு தருகிறது. வழக்கொழிந்த மாதிரியாக, தொல்பொருள் மதிப்புள்ளதாக, அல்லது பழுதானதாக இருக்கவேண்டும். கூடவே, அப்படியே வைத்தாலும் சரி, ரிப்பேர் பார்த்தாலும் சரி, அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாது என்றும் இருக்கவேண்டும். வயசு மட்டும் போதாது, சுடவும் லாயக்கில்லாமல் இருக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? ‘இது சுடாது, அலங்காரப் பொருள்’ என்று சொல்லிக்கொண்டே சைட்டைச் சரி செய்தால், ‘இது சுடும்’ என்று நீங்களே சாட்சி சொன்னதாகிறது. சுடாத துப்பாக்கிக்குக் குறி எதற்கு என்று இன்ஸ்பெக்டர் கேட்டால் பதில் இருக்கிறதா? சந்தேகம் இருந்தால் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ‘பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்’ என்பதை எந்தக் கோர்ட்டும் ஏற்றதில்லை.

கே: மாமனார் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஓடிவிட்டன. அவருடைய துப்பாக்கியை என் வீட்டுக்காரர் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறார். கேட்டால் ‘அப்பா ஞாபகார்த்தம்’ என்கிறார்.
– விட்டல்வாடி

ப: அம்மா, லைசென்ஸ் உங்கள் மாமனாருக்குக் கொடுத்தது, பீரோவுக்கு அல்ல. அவர் காலமானதும், வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் வாங்கும்வரை துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ தாமதமில்லாமல் ஒப்படைக்க வேண்டும். 21-ம் பிரிவு. உங்கள் பகுதி தாணே நகரப் போலீஸ் கமிஷனர் ஆளுகைக்குள் வருகிறது; வாரிசு என்று மனுப்போட வேண்டிய இடமும் அதுதான். ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு இந்த வாரமே போகச் சொல்லுங்கள். தானாகப் போய்ச் சொல்கிறவருக்கும், தேடி வந்து எடுக்கப்படுகிறவருக்கும் வித்தியாசம் உண்டு. ஞாபகார்த்தத்துக்கு மாமனாரின் மூக்குக்கண்ணாடியை வைத்துக்கொள்ளலாம். சட்டம் ஆட்சேபிக்காது, பட்டுப்புடவையும் எண்ணெய்க் கறையிலிருந்து பிழைக்கும்.

கே: சோர் பஜாரில் ஒரு சக்கிமுக்கிக் கல் பிஸ்டல் பார்த்தேன். ‘லண்டன்’ என்று பொறித்திருக்கிறது. 1780-ஆம் வருஷத்துச் சரக்கு என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
– தாராவி

ப: ‘மேட் இன் யூஎஸ்ஏ’ என்று போட்டுவிட்டு ‘உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்’ என்று விளக்கம் சொன்ன ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா?

எழுத்தை நம்பாதீர்கள், திருகாணியைப் பாருங்கள். தலையில் பிளஸ் வெட்டு இருந்தால் கடையை விட்டு இறங்கிவிடலாம். அந்த வகைத் திருகாணி சந்தைக்கு வந்ததே 1930-களில்தான். பிறகு குழலின் அடிப்பக்கம் பாருங்கள். லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு 1637-லேயே அரச சாசனம் கிடைத்துவிட்டது. குழலை வெடித்துச் சோதித்துத்தான் முத்திரை அடிப்பார்கள். பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813-ல் வந்தது. எனவே பர்மிங்ஹாம் சோதனைச் சாலை முத்திரையோடு ‘1780’ என்றால், குழந்தை பிறக்குமுன்பே ஸ்கூல் சர்டிபிகேட் வாங்கிய கதை. துரு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தால் அது காலம் தின்றதாக இருக்காது; ஆசிட் தின்றது.

நிஜமாகவே பழையது என்று தேறினால் இன்னொரு சிக்கல். நூறு வருஷம் தாண்டியிருந்தால் 1972-ம் வருஷத் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும். துபாய் மச்சானுக்குப் பரிசாக அனுப்பலாம் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

கே: பழைய கோல்ட் ரிவால்வர் படம் ஒன்றைப் பார்த்தேன். அதில் பேக்சைட்டே இல்லையே! எப்படிக் குறி பார்த்தார்கள்?
– குர்லா

ப: 1851-ம் வருஷ நேவி மாடலாக இருக்கும். பேக்சைட் இருக்கிறது, ஒளிந்திருக்கிறது. அதில் குதிரையின் மூக்கில் ஒரு சின்ன வெட்டு உண்டு. குதிரையைப் பின்னால் இழுத்து நிறுத்தினால்தான் அந்த வெட்டு கண்ணுக்கு நேரே வரும். முன்னால் குழல் நுனியில் ஒரு பித்தளை மணி. வெட்டுக்குள் மணியை உட்காரவைத்துச் சுட வேண்டும். கிட்டத்தில் சுட்டால் குண்டு குறிக்கு மேலே போகும் என்பது அந்த மாடலின் பிறவிக்குணம். ‘சைட் கோளாறு’ என்று நினைத்து மணியைத் தேய்க்கிறவர்கள் உண்டு. தேய்த்தால் இன்னும் மேலே போகும்!

பெல்ஜியத்து 1900 மாடல் பிரௌனிங்கில் வேறு சாமர்த்தியம். விசையேற்றாமல் இருந்தால் ஒரு தகடு எழும்பி நின்று சைட்டை மறைத்துக்கொள்ளும். குறி தெரியவில்லை என்றால் துப்பாக்கி தயாரில்லை என்று அர்த்தம். ‘சைட் அடைத்துக்கொண்டது’ என்று அதை நோண்டி எடுத்துவிட்டால், கோளாறு துப்பாக்கியில் இல்லை, நோண்டியவரிடம். பழைய பொருளில் தப்பாகத் தெரிவது பல சமயம் செய்தவனின் புத்திசாலித்தனம்.

கே: வாஞ்சிநாதன் எவ்வளவு குறி பார்த்து ஆஷ் துரையைச் சுட்டிருப்பார்!
– மாட்டுங்கா

ப: மணியாச்சி ஸ்டேஷன், 1911 ஜூன் 17. ஆஷ் உட்கார்ந்திருந்தது முதல் வகுப்புப் பெட்டிக்குள். அந்த இடத்தில் குறிக்கு என்ன வேலை? கை நடுங்காமல் இருந்தால் போதும். புதுச்சேரியில் வ.வே.சு. ஐயர் வாஞ்சிக்குச் சுடப் பயிற்சி கொடுத்தார். கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங்.

நம் பக்கத்துக் கதையும் அதே சாயல்தான். 1909 டிசம்பர் 21 அன்று நாசிக் விஜயானந்த் தியேட்டரில் கலெக்டர் ஜாக்சனை அனந்த் கான்ஹேரே சுட்டதும் கைக்கெட்டும் தூரத்தில். அதுவும் பிரௌனிங், லண்டனிலிருந்து சாவர்க்கர் அனுப்பிவைத்தவற்றில் ஒன்று. சட்டைப்பைக்குள் அடங்கும் அந்தக் காலப் பிஸ்டல்களில் சைட் பெயருக்குத்தான் இருக்கும். ‘தாத்தா பிஸ்டல் ஐம்பது மீட்டரில் குறி தவறுகிறது’ என்று குறைப்படுகிறவர்கள் இதை யோசிக்கலாம். அதை ஐம்பது மீட்டருக்காகச் செய்யவே இல்லை.

கே: என் சேகரிப்பிலுள்ள பழைய துப்பாக்கியை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். மதிப்பு எவ்வளவு கூடும்?
– காட்கோபர்

ப: கூடவில்லை, இறங்கிவிட்டது. ஒரு கதை சொல்கிறேன். இந்தோரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் அருங்காட்சியகத்தில் பல துப்பாக்கிகளுக்கு நடுவே ஒரு .32 கோல்ட் பிஸ்டல் பெயரில்லாமல் கிடந்தது. துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று யாரோ கறுப்புப் பெயின்ட் அடித்துவைத்திருந்தார்கள். 2016 வாக்கில் பெயின்டைச் சுரண்டிப் பார்த்தபோது அடியில் ஒரு நம்பர்: 168896. கோர்ட் ஆவணங்களோடு ஒத்துப் பார்த்தால், 1928 டிசம்பரில் லாகூரில் போலீஸ் அதிகாரி சாண்டர்ஸ் சுடப்பட்ட வழக்கின் பிஸ்டல். பகத் சிங்கினுடையது!

பெயின்ட் அடித்தவர் அவலட்சணமாக அடித்திருந்தாலும் உலோகத்தை அரிக்கவில்லை. அதனால் நம்பர் பிழைத்தது. அவர் உங்களைப் போல உப்புத்தாள் எடுத்திருந்தால்? பழைய ஆயுதத்துக்கு மெல்லிய எண்ணெய், மிருதுவான துணி, ஈரமில்லாத இடம் போதும். மழைக்காலத்து மும்பையில் அந்த மூன்றாவதுதான் கஷ்டம். தோலுறைக்குள் போட்டுப் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து உலோகத்தைத் தின்னவைக்கும். சேர்ப்பதை எடுத்துவிடலாம், எடுப்பதைச் சேர்க்க முடியாது. அரத்துக்கும் உப்புத்தாளுக்கும் ஒரே தீர்ப்புதான்.

கே: நான் இடக்கைக்காரன். பழைய துப்பாக்கிகள் எல்லாம் வலக்கைக்காரர்களுக்கே செய்தவை என்பது அநியாயம் இல்லையா?
– சயான் கோலிவாடா

ப: திப்பு சுல்தானிடம் வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டியவர் நீங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பட்டறையில் செய்த பிஸ்டல் ஜோடிகளில், ஒன்றுக்கு விசைப்பொறி வலப்பக்கம், மற்றதற்கு இடப்பக்கம் என்று கண்ணாடிப் பிம்பமாகச் செய்தவை உண்டு. 1799-ல் கோட்டை விழுந்ததும் கப்பலேறிப் போய், இன்று லண்டன் ஏலக் கடைகளில் விலை கேட்க வைக்கின்றன. அந்த ஜோடிகளில் யாரும் சைட்டைத் ‘திருத்தாமல்’ விட்டதும் அந்த விலைக்கு ஒரு காரணம்.

கே: கோல்ட், பிரௌனிங் என்று அந்நியச் சரக்காகவே பேசுகிறீரே, நம்மவர்கள் செய்தது ஒன்றுமில்லையா?
– ஆண்டாப் ஹில்

ப: திருச்சியில் 1966-லிருந்து துப்பாக்கித் தொழிற்சாலை ஓடுகிறது, ‘திருச்சி அசால்ட் ரைஃபிள்’ என்று ஊர்ப் பெயரிலேயே ஒரு ரகம் இருக்கிறது. கான்பூர் தொழிற்சாலை 2014-ல் பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வரை அரைக் கிலோ எடையில் கொண்டுவந்தது. அப்போது விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம். கைப்பையில் வைத்துக்கொள்ளலாம், வாங்கிய பிறகு கைப்பையில் வேறு எதுவும் இருக்காது. பழையது பார்க்க வேண்டுமென்றால் சென்னை எழும்பூர் மியூசியம் போங்கள். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் அங்கே இருக்கின்றன.

கே: உல்லாஸ்நகருக்கும் தமிழர்களுக்கும் என்ன சம்பந்தம்? ஊரே சிந்திகளுடையது என்கிறான் என் ஆபீஸ் நண்பன்.
– உல்லாஸ்நகர், கேம்ப் 2

ப: ஊரைத் தொடங்கிவைத்ததே ஒரு சேலம் வக்கீல் என்று அவரிடம் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போரில் அது ராணுவத்தின் கல்யாண் கேம்ப். பிரிவினைக்குப் பிறகு சிந்து மாகாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களை அந்தப் பட்டாளக் கொட்டகைகளில் குடிவைத்தார்கள். 1949 ஆகஸ்ட் 8 அன்று கவர்னர் ஜெனரல் ராஜாஜி ‘உல்லாஸ்நகர்’ என்று அதைத் தொடங்கிவைத்தார். துப்பாக்கிகள் காலி செய்துவிட்டுப் போன இடத்தில் இன்று ஜீன்ஸும் ஃபர்னிச்சரும் விற்கிறார்கள். ‘கேம்ப்’ என்ற பெயர் மட்டும் ஆட்டோக்காரர்கள் வாயில் இன்னும் பட்டாளத்திலேயே இருக்கிறது.

கே: சார், எனக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்ள ஆசை. தாத்தாவும் இல்லை, தாத்தா பிஸ்டலும் இல்லை. வழி உண்டா?
– ப்ளஸ் டூ மாணவன், தாராவி

ப: தம்பி, பிஸ்டல் இல்லாதது உன் அதிர்ஷ்டம், மேலே இத்தனை பேர் படுகிற பாட்டைப் பார்த்தாயா? ஏர் பிஸ்டலில் ஆரம்பி. .177 துளையும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் என்றால் ஆயுத லைசென்ஸ் தேவையில்லை. ஒர்லியில் மகாராஷ்டிரா ரைஃபிள் அசோசியேஷன் ரேஞ்ச் இருக்கிறது, விசாரித்துப் பார். பத்து மீட்டரில் நீ அடிக்க வேண்டிய வட்டம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பித்தான் அளவு. அதன் சைட்டைத் திருகாணியைத் திருப்பியே நகர்த்தலாம். கிளிக், கிளிக் என்று எண்ணிக்கொண்டே போய், பிடிக்காவிட்டால் எண்ணிக்கொண்டே திரும்பி வரலாம். முதல் ஆறு மாசம் அந்தத் திருகாணியைத் தொடாதே. குறி தவறினால் உன் விரலைத் திருத்து.

கோலாப்பூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஸ்வப்னில் குசாலே, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் அடித்தார். அப்போது அவருக்கு வேலை மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். கல்யாண் லைனில் டிக்கெட் எடுக்காமல் ஏறி, கூட்டத்தில் டி.சி. கண்ணில் படமாட்டோம் என்று நம்புகிற வாசகர்களும் இந்தத் தகவலைக் குறித்துக்கொள்ளவும்.